எச்.ஐ.வி. செல்லைத் தேடிக் கொல்லும் ஊசி: உண்மையா, ஏஜெண்ட் கதையா?

செந்தூல்காரி · ஞாயிறு, இரவு 10.12

வணக்கம். இந்தப் பகுதியில் நான் எழுதுவது இதுதான் முதல் தடவை. இதுவரைக்கும் சமையல் பக்கத்தில்தான் சுற்றிக்கொண்டிருந்தேன்.

தம்பிக்காகக் கேட்கிறேன். (எல்லாரும் ‘ஒரு ஃப்ரெண்டுக்காக’ என்றுதான் ஆரம்பிப்பார்கள், தெரியும். இது நிஜமாகவே தம்பி.) அவனுக்கு எச்.ஐ.வி. என்று தெரிந்து ஆறு வருஷம். வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். தினம் ராத்திரி ஒரு மாத்திரை. வைரல் லோட் (ரத்தத்தில் இருக்கும் கிருமியின் அளவு) ‘கண்டறிய முடியாத அளவு’ என்றே நாலு வருஷமாக ரிப்போர்ட் வருகிறது. ஆள் ஃபுட்சால் ஆடுகிறான், என்னைவிட நன்றாக இருக்கிறான்.

போன வாரம் அவனுக்கு ஒரு வீடியோ வந்தது. கிருமி புகுந்த செல்லை மட்டும் தேடிப்போய் வெடிக்க வைக்கும் சிகிச்சையாம். கீழே நம்பர். கூப்பிட்டால் ஏஜெண்ட், நல்ல தமிழ், மரியாதையான பேச்சு. வெளிநாட்டுக் கிளினிக், மூன்று ஊசி, 38,000 மலேசிய வெள்ளி, பாதி முன்பணம். “ஊசிக்கு ஒரு மாசம் முன்னாடியே மாத்திரையை நிறுத்திடணும். கிருமி வெளிய வந்தாத்தான் ஊசிக்கு அது கண்ணுல படும்” என்கிறான். தம்பி காரை விற்கக் கிளம்பிவிட்டான்.

இப்படி ஒரு சிகிச்சை இருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அறிவுரை வேண்டாம், அது எங்கள் வீட்டிலேயே நிறைய இருக்கிறது.


கிள்ளான் கிறுக்கன் · ஞாயிறு, இரவு 10.20

38,000-ஆ? அந்தக் காசுக்குப் பழைய மைவி கார் ரெண்டு வாங்கலாம்லா. ஏஜெண்ட் நம்பரை இங்க போடுங்க, நான் கூப்பிட்டுப் பேசுறேன்.


தாமான் ஆண்டி · ஞாயிறு, இரவு 10.41

ஊசி எதுக்கும்மா. கீழாநெல்லி, நிலவேம்பு ரெண்டையும் சம அளவு காய வச்சு இடிச்சு, காலையில வெறும் வயித்துல ஒரு மண்டலம் குடுக்கச் சொல்லு. ரத்தம் சுத்தமாகும். எங்க தாமான்ல ஒருத்தருக்கு மஞ்சக்காமாலை அதுலதான் போச்சு.


மட்டுறுத்துநர் · ஞாயிறு, இரவு 10.55

யாரும் ஏஜெண்ட் நம்பர், கிளினிக் பெயர், இணைப்பு எதையும் போட வேண்டாம். ஏற்கெனவே ஒன்றை நீக்கியிருக்கிறேன். ஆண்டி, கஷாயத்துக்குத் தனி இழை இருக்கிறது.


லேப் கோட்டு · ஞாயிறு, இரவு 11.48

பினாங்கிலிருந்து எழுதுகிறேன். லேப்பில் பல வருஷம் செல் வளர்த்தவன், இப்போது பாடம் நடத்துகிறேன். டாக்டர் இல்லை. அந்த ஏஜெண்ட் சொன்னதில் முக்கால்வாசி உண்மை. அதனால்தான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

நீங்கள் சமையல் பக்கத்து ஆள் என்பதால் அந்தக் கணக்கிலேயே சொல்கிறேன். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் பாட்டி காலத்து சமையல் குறிப்பு நோட்டு ஒன்று இருக்கிறது. அதுதான் டி.என்.ஏ. மற்ற பல கிருமிகள் அடுப்படிக்குள் புகுந்து கலாட்டா செய்துவிட்டுப் போய்விடும். எச்.ஐ.வி. அப்படி இல்லை. நோட்டின் நடுப்பக்கத்தில் தன் குறிப்பை, பாட்டியின் கையெழுத்திலேயே எழுதிவிடும். யாராவது அந்தப் பக்கத்தைத் திறந்து சமைத்தால் புதுக் கிருமி வெளியே வரும். அப்படிச் சமைக்கிற செல் பெரும்பாலும் ஓரிரு நாளில் செத்துவிடுகிறது, அதைப் பற்றிக் கவலையில்லை. கவலை, நோட்டை மூடிவைத்துவிட்டுத் தூங்கப் போகும் செல்லைப் பற்றித்தான். நினைவு டி செல் என்பார்கள், ஒரு வகை வெள்ளணு. ஒருமுறை பார்த்த நோயை வருஷக்கணக்கில் ஞாபகம் வைத்திருப்பதுதான் அதன் வேலையே. நீண்ட ஆயுசு. அதற்குள் போய் ஒளிந்துகொண்டால் கிருமிக்கும் அதே ஆயுசு.

தம்பி சாப்பிடும் மாத்திரை அந்தக் குறிப்பு வேறு நோட்டுக்குப் பிரதியாவதைத் தடுக்கிறது. ஏற்கெனவே எழுதியதை அழிப்பதில்லை, அந்த செல்லைக் கொல்வதும் இல்லை. இப்படித் தூங்கும் செல்கள் இருப்பது 1990-களின் நடுவில் தெரியவந்தது. அப்புறம் அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் சிலிசியானோ குழு உட்கார்ந்து எண்ணியது. தூங்கும் சிடி4 செல்களில் (எச்.ஐ.வி. குறிவைக்கும் டி செல் வகை) சுமார் பத்து லட்சத்துக்கு ஒன்றில்தான் உயிருள்ள கிருமி இருக்கிறது. ஆனால் அந்தக் கூட்டம் பாதியாகக் குறையவே 44 மாதம். அப்படிப் பார்த்தால் மாத்திரையை மட்டும் வைத்து முழுவதும் ஒழிக்க 73 வருஷம் என்று கணக்குப் போட்டார்கள்.

சரி, தூங்குகிறவனை எப்படிப் பிடிப்பது? வெளியிலிருந்து பார்த்தால் அந்த செல்லும் பக்கத்து செல்லும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அதனால் முதலில் உசுப்பிவிடுவது, அப்புறம் அடிப்பது என்று ஒரு வழி போட்டார்கள். 2012-ல் டேவிட் மார்கோலிஸ் குழு வோரினோஸ்டாட் என்ற புற்றுநோய் மருந்தை எட்டுப் பேருக்குக் கொடுத்தது. கிருமி நிஜமாகவே கண் விழித்தது. எல்லாரும் குதித்தார்கள். ஆனால் விழித்த செல் சாகவில்லை. கொஞ்ச நேரம் கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடியும் படுத்துவிட்டது. பிரிட்டனில் ‘ரிவர்’ என்ற ஆய்வில் அதே மருந்தோடு தடுப்பூசியும் சேர்த்து 60 ஆண்களிடம் பார்த்தார்கள். 2020-ல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வந்தது. வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் இவர்களுக்கும் வித்தியாசமே இல்லை.

இப்போது ஏஜெண்ட் வாக்கியத்தைத் திரும்பப் படியுங்கள். “வெளிய வந்தாத்தான் கண்ணுல படும்.” இந்தத் துறையின் மூல வாக்கியமே அதுதான். அவன் செய்த மோசடி ஒரே இடத்தில்: உசுப்ப மருந்து வேண்டாம், மாத்திரையை நிறுத்தினால் போதும் என்கிறான். வோரினோஸ்டாட்டைக் கொடுத்தவர்கள்கூட மாத்திரையை நிறுத்தாமல்தான் கொடுத்தார்கள். நிறுத்தினால் தூங்குகிறவன் எல்லாம் விழிப்பதில்லை, தானாக விழிக்கும் ஒன்றிரண்டு புதுப்புது நோட்டாகப் பார்த்து எழுத ஆரம்பிக்கும். திருடனைப் பிடிக்கிறேன் என்று வீட்டுக் கதவை எல்லாம் திறந்துவைப்பது மாதிரி.


மாத்திரைப் பெட்டி · திங்கள், காலை 6.30

செந்தூல் அக்கா, நான் 2008-லிருந்து மாத்திரை சாப்பிடுறவன். தம்பிக்கு ஏன் அந்த வீடியோ அப்படி உறைச்சுதுன்னு எனக்குப் புரியுது. உடம்பு நல்லா இருக்கிறதுனால ஆசை வராமப் போயிடாது.

புதுப் பாட்டில் வாங்கிட்டு வந்ததும் நான் முதல்ல செய்றது லேபிளை உரிக்கிறது. சும்மா உரிச்சா பாதியில கிழிஞ்சு வெள்ளையா ஒட்டிக்கும். தேங்காய் எண்ணெய் தடவி கால் மணி நேரம் விட்டா வழுக்கிட்டு வந்துரும். அப்புறம் மாத்திரையை எல்லாம் விட்டமின் பாட்டிலுக்கு மாத்துவேன். உள்ள இருக்கிற ஈரம் உறிஞ்சுற சின்னப் பொட்டலத்தையும் மறக்காம மாத்தணும், நம்ம ஊர் புழுக்கத்துல மாத்திரை பிசுபிசுத்துரும். என் தம்பி பொண்ணு ஒரு நாள், “பெரியப்பா, எனக்கும் ஒரு விட்டமின்”னு கையை நீட்டுச்சு. அன்னிக்கு எந்த ஊசிக்காரன் வந்திருந்தாலும் நான் காசைக் குடுத்திருப்பேன்.

லேப் கோட்டு அண்ணே, ஒரு கேள்வி. நான் முதல்ல பத்து வருஷம் எஃபாவிரன்ஸ் சாப்பிட்டேன். அதைச் சாப்பிட்டுப் படுத்தா வர்ற கனவு இருக்கே, ஒரு நாள் எங்க எஸ்டேட் லயத்துக்குள்ள கடல் வந்துச்சு. இப்ப டோலுடெக்ராவிர். அந்தப் பழைய எஃபாவிரன்ஸுக்கே எச்.ஐ.வி. செல்லைக் கொல்ற குணம் இருக்குன்னு எங்கயோ படிச்சேன். அதாவது இருக்கட்டும்னு ஒரு நப்பாசை.


லேப் கோட்டு · திங்கள், காலை 7.15

தம்பி, நீங்கள் படித்தது சரிதான். 2021-ல் சயன்ஸ் இதழில் வந்தது. எச்.ஐ.வி.க்குப் புரோட்டியேஸ் என்று ஒரு கத்தரிக்கோல் உண்டு. செல்லைவிட்டு வெளியே வந்த பிறகுதான் அதைத் திறக்க வேண்டும் என்பது கிருமியின் ஒழுங்கு. எஃபாவிரன்ஸ் வகை மருந்துகள் அந்தக் கத்தரிக்கோலை செல்லுக்குள் இருக்கும்போதே திறந்துவிடுகின்றன. உள்ளே கார்ட்8 என்று ஒரு காவல் புரதம் இருக்கிறது. கத்தரிக்கோல் அதன்மேல் பட்டதும் அபாயச் சங்கு ஊதி, செல் தன்னைத்தானே வெடித்துக்கொள்கிறது. கிருமி இல்லாத செல்லில் கத்தரிக்கோலும் இல்லை, அதனால் அது தப்பிக்கிறது. இவ்வளவு அழகான கொலையை நான் படித்ததில்லை.

ஆனால் இரண்டு தொல்லை. ஒன்று, லேப் தட்டில் ஊற்றிய அளவு ரத்தத்தில் நிற்பதில்லை, மருந்தில் பெரும்பகுதி ரத்தப் புரதத்தில் ஒட்டிக்கொள்கிறது. இரண்டு, செல் விழித்து புரதம் செய்துகொண்டிருந்தால்தான் கத்தரிக்கோலே இருக்கும். தூங்கும் செல்லில் இல்லை. அதே வேலைக்கென்றே வேறு மூலக்கூறுகளை இப்போது தேடுகிறார்கள். உங்கள் பத்து வருஷம் வீணில்லை. ஆனால் அது தூங்குகிறவனைத் தொட்டிருக்காது.

(எஸ்டேட்டில் கடல், கேட்கவே பயமாக இருக்கிறது.)


கிள்ளான் கிறுக்கன் · திங்கள், மதியம் 12.50

எனக்கு என்னமோ இதெல்லாம் நாடகம்னுதான் தோணுது. குணமாகுற மருந்து எப்பவோ கண்டுபிடிச்சாச்சு, கம்பெனிக்காரன் பூட்டி வச்சிருக்கான். தினம் ஒரு மாத்திரை விக்கிறவனுக்கு ஒரே ஊசியில முடிஞ்சா பொழப்பு என்ன ஆகும்? பெர்லின்ல ஒருத்தர் குணமானாரே, அதைக் கேட்டா பேச்சை மாத்துவாங்க.


பழைய தொண்டூழியர் · திங்கள், இரவு 9.05

கிறுக்கன் தம்பி, பேச்சை மாற்றாமல் சொல்கிறேன். அந்தப் பெர்லின் நோயாளி டிமதி ரே பிரவுன். பெயரையும் முகத்தையும் அவரே வெளியில் சொன்னவர். அவருக்கு ரத்தப் புற்றுநோய். 2007-ல் எலும்பு மஜ்ஜை மாற்றினார்கள். அதற்காகத் தேடிப் பிடித்த கொடையாளி, பிறப்பிலேயே சிசிஆர்5 என்ற கதவுப்பிடி இல்லாதவர். எச்.ஐ.வி. பெரும்பாலும் அதைப் பிடித்துத்தான் செல்லுக்குள் வரும். லேப் கோட்டு பாஷையில் சொன்னால் நோட்டுகளை மொத்தமாகக் கொளுத்திவிட்டு வேறு வீட்டு நோட்டுகளை வைத்தார்கள். புற்றுநோய் திரும்பியதால் 2008-ல் இரண்டாம் தடவையும் மாற்றினார்கள், உயிர் போய்ப் பிழைத்தார். 2020-ல் அதே புற்றுநோய் மறுபடி வந்துதான் இறந்தார், எச்.ஐ.வி. திரும்பவேயில்லை. அவருக்குப் பிறகு லண்டன், டுசல்டார்ஃப், ஜெனீவா என்று விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள். எல்லாருமே மஜ்ஜை மாற்றம் இல்லாவிட்டால் புற்றுநோய் போன்ற வியாதியால் போயிருப்பார்கள். நல்ல உடம்போடு ஃபுட்சால் ஆடுகிற பையனுக்கு எந்த டாக்டரும் அதைச் செய்யமாட்டார். அந்தக் கொடையாளி மரபும் வடக்கு ஐரோப்பியர்களிலேயே நூற்றில் ஒருவருக்குத்தான் முழுசாக இருக்கும், நம் ஆட்களிடம் தேடுவது வீண்.

இந்த இழையில் நான் உண்மையில் சொல்லவந்தது வேறு. 2013 ஜூன் கடைசியில் சர்வதேச எய்ட்ஸ் சங்கத்தின் மாநாடு நம் கோலாலம்பூரில், கே.எல்.சி.சி. மாநாட்டு மையத்தில்தான் நடந்தது. நம் டாக்டர் அடீபா கமாருல்ஸமானும், கிருமியைக் கண்டுபிடித்ததற்காக நோபல் வாங்கிய பிரான்சுவாஸ் பாரே-சினூசியும் தலைமை. நான் தொண்டூழியராகக் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு வாசலில் வழி காட்டிக்கொண்டிருந்தேன். நாலு நாளும் கால் வீங்கிப்போச்சு.

கடைசி நாள், ஜூலை 3. பாஸ்டன் டாக்டர் டிமதி ஹென்ரிச் மேடையேறினார். இரண்டு நோயாளிகள், இருவருக்கும் மஜ்ஜை மாற்றம், கொடையாளிகள் சாதாரண ஆட்கள்தான், கதவுப்பிடி இருந்தவர்கள். ஒருவர் மாத்திரையை நிறுத்தி 15 வாரம், இன்னொருவர் 7 வாரம். ரத்தத்தில் கிருமி இல்லை. அவர் ‘குணம்’ என்ற வார்த்தையைச் சொல்லவில்லை, இன்னும் பார்க்க வேண்டும் என்றார். ஆனால் கூடத்தில் இருந்த எங்கள் காதில் அது ஏறவில்லை. வாசலில் வெளிநாட்டுக்காரர் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். ஏன் அழுகிறார் என்று நான் கேட்கவில்லை. அன்று ராத்திரி பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்ட நாங்கள் ஆறு பேரும் ‘கே.எல்.லதான் அறிவிச்சாங்கன்னு சரித்திரத்துல வரும்’ என்று பேசிக்கொண்டோம்.

அதே வருஷம் டிசம்பரில் செய்தி வந்தது. ஒருவருக்கு 12 வாரத்தில், இன்னொருவருக்கு 32 வாரத்தில் கிருமி திரும்பிவிட்டது. ஏழு மாசத்துக்கு மேல் ரத்தத்தில் துளிகூட இல்லாமல் இருந்து, பிறகு வந்தது! பெரிய ஆஸ்பத்திரி, உலகத்தின் நல்ல மெஷின்கள், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்த டாக்டர்கள், அவர்களாலேயே எங்கே ஒளிந்திருந்தது என்று பார்க்க முடியவில்லை. உங்கள் ஏஜெண்ட் மூன்றாவது ஊசி முடிந்ததும் ‘நெகட்டிவ்’ என்று ஒரு காகிதம் தருவான் பாருங்கள், அந்தக் காகிதத்தை நான் இந்தக் கணக்கில்தான் படிப்பேன்.

அதே மாநாட்டில் உலகச் சுகாதார நிறுவனம், சிடி4 செல் அளவு 350-க்கு இறங்கினால்தான் சிகிச்சை தொடங்கலாம் என்றிருந்ததை 500 என்று உயர்த்தியது. அதனால் மாத்திரை கிடைத்தவர்கள் ஏராளம். எங்கள் ஆறு பேரில் ஒருவர்கூட அன்றைக்கு அதைப் பேசவில்லை.


செந்தூல்காரி · செவ்வாய், மதியம் 1.30

எல்லாவற்றையும் தம்பிக்கு அனுப்பினேன். ஏஜெண்ட் பதிலுக்கு ஒரு கையேடு அனுப்பியிருக்கிறான். ‘கார்-டி’ செல், ‘கிரிஸ்பர்’ என்றெல்லாம் போட்டிருக்கிறது. இதெல்லாம் அவன் கட்டிவிட்ட பெயரா?


லேப் கோட்டு · செவ்வாய், மாலை 6.40

இரண்டும் உண்மையான பெயர்கள். நல்ல கடையின் போர்டை எடுத்து ரோட்டோர வண்டியில் மாட்டியிருக்கிறான்.

கார்-டி என்றால் நோயாளியின் டி செல்லையே எடுத்து, எதிரியை அடையாளம் காணும் கொக்கி ஒன்றைப் பொருத்தித் திரும்ப ஏற்றுவது. புற்றுநோயில் பேர் வாங்கிவிட்டது, ஆனால் மனிதர்களிடம் முதலில் பார்த்த காலத்திலேயே, 1990-களிலேயே, அதை எச்.ஐ.வி.க்குப் பயன்படுத்தினார்கள் என்பது பலருக்குத் தெரியாது. அந்த செல்கள் உடம்பில் பத்து வருஷத்துக்கு மேல் இருந்தன, ஒரு கெடுதலும் செய்யவில்லை. ஆனால் கிருமியையும் ஒழிக்கவில்லை. தூங்கும் செல்லின் மேல்தோலில் கொக்கி மாட்ட ஒன்றும் இல்லையே! நிணநீர்க் கணுவுக்குள் பி செல் என்ற இன்னொரு வகை வெள்ளணு குடியிருக்கும் பகுதி வேறு ஒன்று இருக்கிறது, கொல்லும் செல்கள் அதற்குள் அவ்வளவாகப் போவதில்லை. கிருமிக்குத் தோதான இடம்.

கிரிஸ்பர் கொல்வதில்லை, நோட்டின் அந்தப் பக்கத்தைக் கிழிக்கப் பார்க்கிறது. இ.பி.டி-101 என்ற சிகிச்சையை மனிதர்களிடமே கொடுத்துப் பார்த்தார்கள். ஆபத்து பெரிதாக இல்லை. மாத்திரையை நிறுத்திய மூன்று பேருக்கும் கிருமி திரும்பியது, ஒருவருக்கு மட்டும் தாமதமாக, 16-ஆவது வாரத்தில். அந்த 16 வாரத்தை வைத்துக்கொண்டு ஆராய்ச்சியாளர்கள் தூக்கமில்லாமல் யோசிக்கிறார்கள், நம் ஏஜெண்ட் கையேடு அடிக்கிறான்.

எனக்கு இப்போது நம்பிக்கை தருவது மெல்பர்னில் எச்.ஐ.வி. ஆராய்ச்சியாளர் ஷாரன் லெவின் இருக்கும் டோஹர்ட்டி ஆய்வு நிலையம். 2025-ல், கோவிட் தடுப்பூசியில் வந்த அதே எம்.ஆர்.என்.ஏ. உத்தியை எடுத்து, புது விதமான கொழுப்புக் குமிழுக்குள் வைத்து, தூங்கும் வெள்ளணுவுக்குள் நுழைத்துக் கிருமியை உசுப்பிக் காட்டினார்கள். அந்த வகை செல்லுக்குள் அதை நுழைக்கவே முடியாது என்று நினைத்திருந்தோம். நோயாளிகள் கொடுத்த ரத்தத்தில், லேப்பில் மட்டும்தான் இதுவரை. உசுப்பினால் செல் செத்துவிடுமா, அடிக்கத் தனி ஆள் வேண்டுமா என்பது இனிமேல்தான்.


பார்மசி கவுண்டர் · செவ்வாய், இரவு 10.22

கவுண்டருக்கு உள்பக்கம் இருக்கிறவள். மத்ததை எல்லாம் அண்ணன் சொல்லிட்டார், நான் மாத்திரையைப் பத்தி மட்டும் சொல்றேன்.

நிறுத்தினா ரெண்டுலேருந்து நாலு வாரத்துக்குள்ள பெரும்பாலும் கிருமி திரும்பும். உடனே தெரியாது, காய்ச்சல்கூட வராம இருக்கலாம், ஆனா அந்த நேரத்துல துணைக்குப் பரவலாம். ‘ஸ்மார்ட்’னு பெரிய ஆய்வு, 5,472 பேர். விட்டு விட்டு மருந்து சாப்பிட்டா போதுமான்னு பார்த்தாங்க. விட்டவங்க பக்கம் சாவும் நோயும் கூடிப்போய் 2006-ல பாதியிலேயே நிறுத்திட்டாங்க.

இன்னொண்ணு, யாரும் சொல்லாதது. தம்பி சாப்பிடுறதுல டெனோஃபோவிர், லாமிவுடின் இருக்கா பாருங்க. அது ரெண்டும் ஹெப்பாடைட்டிஸ் பி-யையும் அமுக்கி வைக்கிற மருந்து. அவருக்கு ஹெப் பி இருந்து, மாத்திரையைத் திடீர்னு விட்டா கல்லீரல் கொந்தளிச்சுப் போகும், உயிருக்கே வரும். பழைய ரிப்போர்ட்ல அது எழுதியிருக்கும், தேடுங்க.

உண்மையான ஆய்வுக்கு நோயாளிகிட்ட காசு வாங்க மாட்டாங்க. போக்குவரத்துச் செலவு அவங்கதான் குடுப்பாங்க. நம்ம நாட்டுல நடந்தா சுகாதார அமைச்சோட மருத்துவ ஆய்வு நெறிமுறைக் குழு அனுமதி எண் இருக்கும், செல் சிகிச்சைன்னா மருந்துகளைக் கட்டுப்படுத்துற அரசாங்க அமைப்பு என்.பி.ஆர்.ஏ. கிட்டயும் போகணும். மாத்திரையை நிறுத்திப் பார்க்கிற ஆய்வுகளும் இருக்கு, இல்லேன்னு சொல்லல. ஆனா அடிக்கடி, சிலதுல வாராவாரம் ரத்தம் எடுத்து, வைரல் லோட் ஏறின உடனே திரும்ப ஆரம்பிச்சுருவாங்க. ஏஜெண்ட்கிட்ட ரெண்டே கேள்வி கேக்கச் சொல்லுங்க: அனுமதி எண் என்ன, நிறுத்தினதும் எத்தனை நாளைக்கு ஒரு தடவை வைரல் லோட் பார்ப்பீங்க.


தாமான் ஆண்டி · புதன், காலை 5.50

நான் கஷாயம் சொன்னதுக்கு எல்லாரும் மனசுக்குள்ள சிரிச்சிருப்பீங்க. பரவாயில்ல.

என் அக்கா பையன் 1997-ல போனான். அந்த நேரம் பேப்பர்ல வந்துச்சு, வெளிநாட்டுல மூணு மருந்து சேர்த்துக் குடுத்து ஆளுங்க எந்திரிச்சு நடக்கிறாங்கன்னு. எங்க அத்தான் அந்தப் பேப்பரை மடிச்சு சட்டைப் பையில வச்சிட்டு ஆஸ்பத்திரிக்கெல்லாம் போய்க் கேட்டாரு. விலையைச் சொன்னாங்க. அவரு லோரி ஓட்டுறவரு. வீட்டுக்கு வந்து ஒண்ணும் பேசல. அப்புறம் யார் யாரோ சொன்ன வேரு, பட்டை, நாட்டு வைத்தியம், சாமியாரு, எல்லாத்துக்கும் நாங்க காசு குடுத்தோம். கீழாநெல்லியை நான்தான் என் கையால இடிச்சேன். வேற என்ன பண்றதுன்னு தெரியல.

இப்ப அரசாங்க ஆஸ்பத்திரியில அந்த மாத்திரை சும்மா கிடைக்குதுன்னு படிக்கிறப்ப எனக்கு ஒரு மாதிரி இருக்கு. பையன்கிட்ட சொல்லும்மா. நான் சொன்னேன்னு சொல்ல வேணாம்.


கிள்ளான் கிறுக்கன் · புதன், காலை 8.02

சாரி ஆண்டி.


செந்தூல்காரி · வெள்ளி, இரவு 11.15

இரண்டு நாளாக எழுத முடியவில்லை. தம்பி எல்லாவற்றையும் படித்தான். ஆண்டி எழுதியதை நான் தனியாகச் சொல்லவில்லை, அவனே படித்துவிட்டான். அதற்கப்புறம் கொஞ்ச நேரம் ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டான்.

ஹெப் பி ரிப்போர்ட் கிடைத்தது, நெகட்டிவ். ஏஜெண்டைக் கூப்பிட்டு இரண்டு கேள்வியையும் கேட்டான். “டாக்டர்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்” என்றான் அவன். அது புதன்கிழமை. இன்றைக்குப் பதில் வந்தது: தீபாவளிச் சலுகை, 30,000 வெள்ளி.

மனசு முழுசாக மாறிவிட்டது என்று சொல்லமாட்டேன். நம்பரை இன்னும் அழிக்கவில்லை. மெல்பர்ன் செய்தியை மட்டும் மூன்று தடவை படித்தான். காருக்குப் போட்ட விளம்பரத்தையும் எடுக்கவில்லை, ஆனால் விலையை ஐயாயிரம் ஏற்றிவிட்டான். மாத்திரை ஒரு நாளும் விடவில்லை, நான் எண்ணிப் பார்த்தேன்.


மாத்திரைப் பெட்டி · வெள்ளி, இரவு 11.31

என்ன கார் அக்கா? எந்த வருஷம்?


செந்தூல்காரி · வெள்ளி, இரவு 11.34

2016 மைவி. ஏர்கான் வேலை செய்யாது, அதை அவன் விளம்பரத்தில் போடவில்லை.